கிக்கர் வழுக்கினால் என்ன செய்வீர்கள்?

அதிகாலை நேரம். வயலுக்குப் புறப்பட்ட வாப்பா முற்றத்தில் நின்று கிக்கரை மிதிக்கிறார். "கடக்" என்றொரு சத்தம். கால் தடையில்லாமல் கீழே போய்விடுகிறது. இஞ்சின் அசையவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை பல் பிடித்து வண்டி ஸ்டார்ட் ஆகிறது. "பழைய வண்டிதானே, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார்.

உங்கள் வீட்டு முற்றத்திலும் இந்தச் சத்தம் கேட்கிறதா? இன்று மூன்றாம் மிதியில் பிடிக்கிற பல், ஒரு நாள் முப்பதாம் மிதியிலும் பிடிக்காது. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நாளாகவும் அது இருந்துவிடலாம்.

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நமது ஊர்களில் பழைய ஹொண்டாக்களுக்குக் குறைவில்லை. ஜப்பானில் தபால் கொண்டு செல்வதற்கென்று செய்யப்பட்ட எம்.டி. 90, இரட்டைச் சிலிண்டர் சி.டி. 125, 1958இல் வந்த சுப்பர் கப்பின் வழியில் பிறந்த சி. 50, சி. 70 என்று வீட்டுக்கு வீடு ஒன்று நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் புதிய வண்டி எட்டாக்கனியாகியது. ஓய்வு பெற வேண்டிய வண்டிகளையும் வேலை வாங்கினோம். அவற்றில் அதிகம் அடி வாங்கியது கிக்கர்தான்.

கிக்கர் வழுக்கியதுமே இஞ்சினைப் பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள். முதலில் நீங்களே பாருங்கள். கிக்கரைக் கையால் மெதுவாக அமர்த்தி, அது மாட்டியிருக்கும் தண்டின் நுனியைக் கவனியுங்கள். கிக்கர் சுற்றியும் தண்டு சுற்றவில்லையானால், கோளாறு வெளியேதான் இருக்கிறது. கிக்கரின் துவாரத்திலுள்ள வரிப் பற்கள் தேய்ந்திருக்கும். அதை இறுக்கும் போல்ட் இளகிக் கிடந்ததே பெரும்பாலும் காரணம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு அந்தப் பற்களைத் தின்னும். மீன் பெட்டி கட்டி ஓடும் வண்டிகளைக் கேட்கவே வேண்டாம். கிக்கரை மாற்றினால் வேலை முடிந்தது. தண்டின் பல்லும் தேய்ந்திருந்தால் மட்டுமே உள்ளே போக வேண்டிவரும்.

தண்டு சுற்றியும் இஞ்சின் சுற்றவில்லையா? கிளட்ச் தேய்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். ஏற்றத்தில் இஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்சைச் சந்தேகியுங்கள். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லாமல், மிதிக்கும்போது மட்டும் "கடக்" என்றால் உள்ளே இருக்கும் கிக் கியரில்தான் கோளாறு.

அந்த இடத்தில் நடப்பது இதுதான். தண்டில் ஒரு பற்சக்கரமும், அதன் பக்கத்தில் முன்னும் பின்னும் நகரக்கூடிய ராட்செட்டும் இருக்கின்றன. இரண்டின் முகத்திலும் வாளின் பற்களைப் போலச் சரிந்த பற்கள். நீங்கள் மிதிக்கும்போது ஸ்பிரிங் ராட்செட்டைத் தள்ளிச் சக்கரத்தோடு கோர்க்கிறது. காலை எடுத்ததும் அது விலகி ஒதுங்கிவிடுகிறது. அந்தப் பற்களின் கூர்முனை மழுங்கிவிட்டால் ஒன்றையொன்று பிடிக்காமல் ஏறி வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் இன்னும் கொஞ்சம் மழுக்கும். ஆகவே "போகும்வரை போகட்டும்" என்று விடுவது நட்டத்தில்தான் முடியும்.

இனித்தான் முக்கியமான விடயம். கராஜில் உங்களிடம் இரண்டு யோசனைகள் சொல்லப்படலாம். ஒன்று, பல்லை அரத்தால் ராவிக் கூராக்குவது. மற்றது, வெல்டிங் வைத்துப் பல்லைக் கட்டி எழுப்புவது. இரண்டும் மலிவு. இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள்.

கியர்ப் பல்லைத் தேங்காய்ச் சிரட்டைக்கும் பருப்புக்கும் ஒப்பிடலாம். மேலே கடினமான மெல்லிய ஓடு, உள்ளே மென்மையான இரும்பு. தேயாமலிருக்க ஓடு, அடி தாங்கி உடையாமலிருக்க உள்ளிரும்பு. தொழிற்சாலையில் பதமாகச் சூடேற்றிக் குளிர்த்தித்தான் அந்த ஓட்டை உண்டாக்குகிறார்கள். அரம் போட்டால் ஓடு போய்விடும். மிஞ்சிய மென்மையான பல் சில மாதங்களில் பழையபடி மழுங்கும். வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பதம் கெட்டுவிடும். ஒட்டிய இடம் ஒரு நாள் பெயர்ந்து விழும். விழுந்த துண்டு கியர்ப் பெட்டிக்குள்ளே ஒயிலில் கிடந்து, நல்ல பல் ஒன்றுக்கிடையில் சிக்கினால், சின்னச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் முழு இஞ்சினுக்கும் செலவு செய்ய நேரிடும்.

கிக்கரைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் பிடிப்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு அது உதவும்தான். ஆனால் தண்டைச் சுற்றியுள்ள ஒயில் சீல் சூட்டில் கருகும். அதன்பின் கிளட்ச் பக்க மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சரியான வழி, சக்கரத்தையும் ராட்செட்டையும் சோடியாக மாற்றுவதுதான். தேய்ந்த ஒன்றோடு புதிய ஒன்றைக் கோர்த்தால் தேய்ந்தது புதியதையும் கெடுத்துவிடும். புதிதாகக் கிடைக்காவிட்டால், கழற்றிய பழைய இஞ்சினிலிருந்து எடுத்ததை வாங்கலாம். பல்லின் முனையில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தடைப்பட்டு நிற்க வேண்டும்; வழுக்கிப் போனால் வேண்டாம். பற்களின் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிட்டு எண்ணுங்கள்.

சில வண்டிகளில் பக்க மூடியைத் திறந்தாலே கிக் கியர் கைக்கு வரும். சி. 70 போன்றவற்றில் இஞ்சின் கூட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலி அதிகம் என்று முகம் சுளிக்க வேண்டாம், அது ஒரு நாள் வேலை. அவ்வளவு தூரம் பிரித்த பிறகு கேஸ்கட், ஒயில் சீல், கிக்கரைத் திருப்பும் ஸ்பிரிங் ஆகியவற்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ராட்செட்டிலும் தண்டிலும் சிறு புள்ளி அடையாளம் உண்டு. இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். தவறினால் கிக்கர் உரிய இடத்தில் பிடிக்காது. கழற்றும்போதே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், எந்த வொஷர் எங்கே என்ற தலைவலியும் இல்லை.

மிதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். முதலில் கிக்கரை மெதுவாக அமர்த்துங்கள். பல் கோர்த்து, இஞ்சின் எதிர்த்து நிற்பது காலில் தெரியும். அதன் பிறகு ஒரே அமுக்காக அடிவரை மிதியுங்கள். மேலிருந்து குதித்து உதைக்கும்போது பல் கோர்ப்பதற்கு முன்பே முழு அடியும் அதன் முனையில் விழுகிறது. நமது இளைஞர்கள் இதை வீரமென்று நினைக்கிறார்கள். பிளக் அழுக்காக இருப்பதால் பத்து முறை மிதிக்க வேண்டியிருந்தால், முதலில் பிளக்கைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பல் உடைந்திருந்தால், "தம்பி, இந்தத் துண்டு எங்கே?" என்று கேளுங்கள். அது கைக்கு வரும்வரை இஞ்சினை மூட விடாதீர்கள்.