பறவையும் படக்கருவியும்

இராஜஸ்தான் மாநிலத்தின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. இச்சதுப்பு நிலம் 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பயணிகள் மிதிவண்டியிலும் ரிக்‌ஷாவிலும் சென்று பறவைகளைப் படம் எடுக்கின்றனர்.

மழைக்காலத்தை ஒட்டி மஞ்சள் மூக்கு நாரைகள் இங்குள்ள மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. படம் எடுப்பவர் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிடும். காவலற்ற குஞ்சுகள் வெயிலில் வாடும். பிற பறவைகளுக்கு இரையாகவும் கூடும். ஆகவே, பாதையை விட்டு விலகாமல், தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்சைப் பயன்படுத்துதல் வேண்டும். காலை இளவெயில் இதற்கு ஏற்றது.

எடுத்த படத்தைக் கணினியில் செம்மைப்படுத்தலாம். வேண்டாத ஓரங்களை நீக்கலாம். இருண்ட பகுதிக்குச் சற்று ஒளி கூட்டலாம். ஆனால், இறகின் நிறத்தை மாற்றுதல் கூடாது. வளர்ந்த நாரையின் வால்பக்க இறகுகளில் இளஞ்சிவப்பு நிறம் உண்டு. இளம்பறவைக்கு அது இல்லை. அழகுக்காக அந்நிறத்தைச் சேர்த்தால், இளம்பறவை வளர்ந்த பறவையாகத் தோன்றும். பறவைகளைக் கணக்கிடுவோர் அப்படத்தை நம்பி ஏமாறுவர்.

பறவைக்குத் தீங்கு செய்யாததும் உண்மையை மறைக்காததுமே நல்ல படம்.

சிந்தித்து விடை எழுதுக: படத்திற்கு ஒளி கூட்டுவதற்கும் நிறத்தை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?