காற்று இலவசம்தான், ஆனால்...

2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நமது கரையோர வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புத்தளம் களப்பில் தொழில் செய்யும் என் மச்சானுக்கு அது பேரிடியாக விழுந்தது. பிடித்த மீனை விற்றால் எண்ணெய்ச் செலவுக்கே போதவில்லை. எனது ஹாட்வெயார் கடையிலும் அவருக்குப் பழைய பாக்கி இருந்தது.

"மச்சான், எஞ்சின வித்தாவது உங்கட கடன அடைக்கிறன்" என்றார் ஒருநாள். எஞ்சினை விற்றால் தொழிலே போய்விடும். எனவே இருவரும் யோசித்தோம். அவரது தோணி, வீட்டு முற்றத்தில் பலகையும் பைபர் கிளாஸும் கொண்டு அவரே செய்தது. நீளம் 16 அடி, அகலம் இரண்டரை அடி. அதற்குப் பாய் கட்டினால் என்ன?

படங்குச் சீலையில் சுமார் 40 சதுர அடிப் பாய் ஒன்று தைத்து, மூங்கிலை நட்டுப் புறப்பட்டோம். கரையிலிருந்து சற்றுத் தூரம் போவதற்குள் தோணி கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான், அல்லாஹ் காப்பாற்றினான். வலை மட்டும் கிழிந்தது.

தவறு எங்கே? காற்று தோணியை முன்னே மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் சாய்க்கிறது. நீர்கொழும்பில் இன்றும் பாயில் ஓடும் 'ஒருவ' தோணிகளைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மிதவைக் கட்டை இல்லாமல் அவை ஓடுவதில்லை. காற்று கூடும்போது அந்தக் கட்டையின் பக்கம் ஆட்கள் ஏறிப் பாரம் கொடுப்பார்கள். 'ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று' என்று அக்காலத்தில் காற்றையே ஆள் கணக்கில் அளந்தார்களாம்.

இரண்டாம் முறை மிதவையிலிருந்து தொடங்கினோம். 6 அங்குல பீவிசி குழாயில் 10 அடித் துண்டுகள் இரண்டின் முனைகளை நன்கு அடைத்து, குறுக்குக் கம்புகளால் இருபுறமும் 4 அடி தள்ளிக் கட்டினோம். இத்தகைய குழாய் ஒன்று சுமார் 50 கிலோ பாரம் தாங்கும். பாய்மரத்தின் அடியை தோணியின் தளத்தில் ஒரு கட்டையில் குழி வெட்டி இறக்கி, மேலே குறுக்குப் பலகையில் துளையிட்டுப் பிடித்தோம். தோணி பக்கவாட்டில் வழுக்காதிருக்க, பாயின் நடுப்பகுதிக்கு நேர் கீழே ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். களப்பு ஆழம் குறைந்தது என்பதால், தரை தட்டினால் மேலே மடங்கும்படி அதை ஒற்றை ஆணியில் பூட்டினோம். பாய்க் கயிற்றை ஒருபோதும் கட்டி வைப்பதில்லை. கையில்தான் பிடிக்க வேண்டும். காற்று அடித்தால் உடனே விட்டுவிடலாம்.

எஞ்சினைக் கழற்றவில்லை. காற்று வாய்க்கும் பயணத்துக்குப் பாய், காற்று இல்லாதபோது எஞ்சின். சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களில் பாயை விரிப்பதே இல்லை. உயிர்காப்பு அங்கியும் கட்டாயம்.

சாமான்களை நான் வட்டியில்லாத கர்ழ் ஹஸனாகக் கொடுத்தேன். எண்ணெயில் மிஞ்சிய காசைக் கொண்டே அவர் சிறுகச் சிறுக அடைத்தார். பழைய பாக்கியும் தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அதே காலத்தில் நானும் கைமுதல் இல்லாமல் கடனுக்குச் சரக்கிறக்கி, கடையைப் பெருப்பிக்க எண்ணியிருந்தேன். அதுவும் மிதவையில்லாத தோணிக்குப் பாய் கட்டுவது போன்றதுதானே? அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்து, மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலில் ஒதுக்கினேன். சகோதர வியாபாரிகளே, பாயை விரிக்குமுன் மிதவையைக் கட்டுங்கள். பரக்கத் செய்பவன் அல்லாஹ்.