பாட்டி பேசினார், காற்றாடிதான் கேட்டது: வீட்டுக்குள் பேச்சைப் பதிவு செய்ய எந்த மைக்?

தீபாவளிக்கு ஊருக்கு வந்த பேரன், 80 வயதைத் தாண்டிய பாட்டியைக் கூடத்தில் நாற்காலி போட்டு அமர வைக்கிறார். முகமும் பின்னால் உள்ள சாமிப் படமும் தெரியும்படி, கைப்பேசியை முக்காலியில் பொருத்தி ஏழெட்டு அடி தள்ளி நிறுத்துகிறார். பாட்டி பேசுகிறார். விடியற்காலைப் பெரட்டு, ஆயாக் கொட்டகை, கங்காணியின் அதட்டல், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா என ஒரு மணி நேரம் போகிறது.

சில மாதங்களில் பாட்டி காலமாகிவிடுகிறார். பதிவைப் போட்டுப் பார்த்தால் முகம் தெளிவாக இருக்கிறது. காதில் விழுவதோ காற்றாடிச் சத்தமும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு குரலும்தான். சித்தப்பா வேலை செய்த தோட்டத்தின் பெயரைப் பாட்டி மூன்று முறை சொல்கிறார். மூன்று முறையும் அது என்ன பெயர் என்று பிடிபடவில்லை.

இப்படிப்பட்ட பதிவுகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. மலேசியாவில் தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்கிறது. சிங்கப்பூரில் 1979 முதல் இந்தப் பணி நடக்கிறது. ஆனால் அங்கெல்லாம் போய்ப் பேசக் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். லயத்து வீட்டிலிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறி வந்த பாட்டியின் பேச்சைக் குடும்பம்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு எந்த மைக் வாங்கலாம் என்று இணையக் கடையைத் திறந்தால் 20 ரிங்கிட்டிலிருந்து ஆயிரக்கணக்கான ரிங்கிட் வரை வரிசையாக வந்து நிற்கிறது. எல்லாவற்றிலும் “ஸ்டூடியோ தரம்” என்று எழுதியிருக்கிறது.

மைக்கைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். சிமெண்டு அல்லது ஓடு பதித்த தரை, பூசிய செங்கல் சுவர், கண்ணாடி ஜன்னல். வெப்பத்துக்கும் கழுவித் துடைக்கவும் வசதியாகக் கட்டப்பட்டவை நம் வீடுகள். ஒலிக்கு அவை கண்ணாடிபோல. பட்டதையெல்லாம் திருப்பி அனுப்பும். பேசுபவரின் வாயிலிருந்து நேராக வரும் குரல் ஒன்று, சுவரிலும் தரையிலும் மோதிச் சற்றுத் தாமதமாக வரும் எதிரொலிகள் பல. எதிரே உட்கார்ந்து கேட்கும்போது நம் இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து எதிரொலியை ஒதுக்கிவிடுகின்றன. மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதி வைத்துவிடுகிறது.

இதைச் சமாளிக்க ஒரு கணக்கு உதவும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். எட்டு அடியை நான்காக்கி, நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினால் குரலுக்கு 18 டெசிபெல் ஆதாயம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் எட்டு அடி தூரத்தில் இருந்துகொண்டு இந்த ஆதாயத்தைத் தர முடியாது. ஆகவே வீட்டுக்குள் பேச்சைப் பதிவு செய்ய நல்ல மைக் எது என்றால், பேசுபவரின் வாயருகே தொந்தரவு இல்லாமல் வைக்க முடிவது எதுவோ அதுதான்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், பலர் முதலில் ஆசைப்படும் ஷாட்கன் மைக் பின்னுக்குப் போய்விடுகிறது. நீளக் குழாய், பக்கவாட்டில் பிளவுகள். பக்கத்திலிருந்து வரும் ஒலி அந்தப் பிளவுகள் வழியாக வெவ்வேறு நேரத்தில் நுழைந்து, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். திறந்த வெளியில் இது அருமையாக வேலை செய்யும். நான்கு சுவருக்குள் அப்படியில்லை. பேசுபவரின் குரலே சுவரில் பட்டுப் பக்கவாட்டில் வந்து நுழைகிறது; அதில் பாதி அழிகிறது, பாதி நிறம் மாறி நிற்கிறது. கீழ்த்தொனியில் குழாயின் தந்திரம் பலிப்பதும் இல்லை. முடிவில் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கிறது. கைப்பேசியின் தலையில் செருகும் குட்டி ஷாட்கன்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் அவையும் நிற்கும்.

பெரிய படக் குழுக்கள் வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளுக்கு ஹைப்பர்கார்டியாய்டு அல்லது சூப்பர்கார்டியாய்டு வகையைச் சேர்ந்த, குழாய் இல்லாத சிறிய மைக்குகளை விரும்புவது இதனால்தான். நீளக் கம்பின் நுனியில் கட்டி, நடிகரின் தலைக்குச் சற்று மேலே, சட்டகத்துக்குள் வராதபடி பிடிப்பார்கள். குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்கள் கையில் ஓரளவு பணம் சேர்ந்தால் போக வேண்டிய வழி இது. ரஷ்யாவின் துலா நகரத்து ஒக்டாவா எம்கே-012, ஹைப்பர்கார்டியாய்டு தலையுடன், குறைந்த செலவில் எடுப்பவர்களிடையே நெடுங்காலமாகப் பேர் வாங்கியது. ஆனால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் பதிவுக் கருவியும் கம்பைப் பிடிக்கக் கை வலிக்காத ஒரு நண்பரும் தேவை. பாட்டியிடம் கதை கேட்க இவ்வளவு ஏற்பாடு வேண்டாம்.

கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் கையில் பிடித்துப் பேசும் மைக் எப்படி? 1966 முதல் விற்கப்படும் ஷூர் எஸ்எம்58 அந்த வகையில் பேர்போனது. அதன் சாயலில் மலிவானவையும் ஏராளம். தூரத்து ஒலியை அவ்வளவாக வாங்காது, இரைச்சலான வீட்டில் கை கொடுக்கும். சிக்கல் பேசுபவரிடம்தான். மைக்கைக் கையில் கொடுத்ததும் பாட்டி மேடைப் பேச்சுக்குத் தயாராகிவிடுவார். அல்லது இரண்டு நிமிடத்தில் மைக் மடிக்கு இறங்கிவிடும். இணையக் கடையில் பிஎம்-800 என்ற பெயரில் பல முத்திரைகளில் கிடைக்கும் பருத்த “ஸ்டூடியோ” மைக்கும் அருகில் பேசுவதற்கானதே. மேசை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பேசினால் அறை முழுவதும் உள்ளே வந்துவிடும்.

எஞ்சுவது காலர் மைக். கம்பியுள்ள சாதாரணக் காலர் மைக் 20, 30 ரிங்கிட்டிலேயே கிடைக்கிறது. போயா பிஒய்-எம்1 போன்ற, ஓரளவு நம்பி வாங்கக்கூடியதும் 100 ரிங்கிட்டைத் தாண்டாது. அதன் கம்பி 6 மீட்டர் நீளம். கைப்பேசியைத் தூரத்தில் வைத்துப் படம் பிடித்தாலும் மைக் நெஞ்சருகே இருக்கும். உள்ளே எல்ஆர்44 என்ற பொத்தான் மின்கலம் ஒன்று உண்டு, கைப்பேசிக்கும் கேமராவுக்கும் மாற்றும் விசையும் உண்டு. இந்த வகை எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் என்பது குறைபோலத் தோன்றும். ஆனால் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது குரல் மற்ற எல்லாவற்றையும் முந்திவிடுகிறது. தலையைத் திருப்பிப் பேசினாலும் குரல் அதிகம் மாறாது.

செருகும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கைப்பேசிக்கான முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. ஐபோனில் உருண்டைத் துளை 2016-இலேயே போய்விட்டது, புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இல்லை. அப்படியானால் யூஎஸ்பி-சி முனையுள்ள மைக்கையோ மைக்கை ஏற்கும் இணைப்பானையோ வாங்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்கு மட்டுமான இணைப்பானை வாங்கி ஏமாறுவோர் அதிகம்.

கம்பியில்லாக் காலர் மைக்குகள் இப்போது பாசார் மாலாமில்கூடக் குவிந்து கிடக்கின்றன. இரண்டு பேர் பேசும் பதிவுக்கு இரட்டை மைக் வசதியானதுதான். ஆனால் மலிவான பலவற்றில் “இரைச்சல் நீக்கி” பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் காற்றாடியோடு சேர்ந்து குரலின் மெல்லொலியும் போய்விடும். வயதானவர்களின் தணிந்த குரல் முதலில் அடிபடும். நடுவில் மின்கலம் தீர்ந்துபோகும் தொல்லையும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவருக்குக் கம்பியே நிம்மதி.

சேலையில் மைக்கைக் குத்துவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. முந்தானை மடிப்பின் ஓரத்தில், தாலிக்கொடியும் சங்கிலியும் உரசாத உயரத்தில், துணிக்கு வெளியே இருக்க வேண்டும். பட்டும் நைலக்ஸும் சரசரக்கும், பருத்தி அமைதியானது. கை ஆட்டிப் பேசும் பாட்டியின் வளையல்களைக் கழற்றச் சொல்வதைவிட, மைக்கை மறுபக்கம் மாற்றுவது மரியாதை.

கையில் பணமே இல்லையா? கைப்பேசியோடு வந்த கம்பிக் காதணியில் சிறு மைக் இருக்கும். அதை ஊசியால் கழுத்தோரம் பொருத்தினாலே எட்டு அடி தூரத்துக் கைப்பேசியைவிடப் பல மடங்கு தெளிவு. அதுவும் இல்லையென்றால் படத்தை மறந்துவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல் ஒரு முழத் தூரத்தில் வைத்துக் குரலை மட்டும் பதியலாம்.

இடத்தையும் மாற்றலாம். கூடத்தைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி எல்லாம் எதிரொலியை விழுங்கும். கை தட்டிப் பார்த்தால் தெரியும். வெறுந்தரையில் ஒரு தோத்தோ மெத்தையை விரிக்கலாம். காற்றாடியையும் ஏர்கோனையும் நிறுத்த வேண்டும், பாட்டிக்குப் புழுங்கும் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. குளிர்பெட்டி பக்கத்தில் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம். மீண்டும் போடாமல் யாரும் வீடு போய்ச் சேர முடியாது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்த மைக்கும் உதவாது. மாலை மழைக்கு முன், காலையிலேயே உட்கார்ந்துவிடலாம்.

தொடங்குமுன் மைக்கை விரலால் லேசாகத் தட்டி, பிறகு கைப்பேசியையும் தட்டி, அரை நிமிடம் பதிந்து கேட்க வேண்டும். மைக்கைத் தட்டியது பெரிதாகக் கேட்டால் சரி. கைப்பேசியைத் தட்டியது பெரிதாகக் கேட்டால், மைக் செருகியிருந்தும் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு மணி நேரம் பேசி முடித்தபின் இதைக் கண்டுபிடித்தவர்கள் பாட்டியை மறுபடி பேசச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் முறை கதை சுருங்கிவிடும்.

டபிள்யூஏவி வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை கிகாபைட் ஆகும். பதிந்த அன்றே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைப்பது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய குரலைப் பிரதி என்று கணக்கில் சேர்க்கக்கூடாது, அது சுருக்கப்பட்டது.

பதிவின் தொடக்கத்தில் தேதியையும் பேசுபவர், கேட்பவர் பெயர்களையும் சொல்லிவிட வேண்டும். தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் வழங்கிய பெயர் வேறொன்று. ஆகவே ஊர்ப்பெயர் வரும்போது பாட்டியை நிறுத்தி, “எந்தத் தோட்டம் பாட்டி, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டு, அவர் சொன்னதைப் பேரனும் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லலாம்.