நொய்யலைக் காப்பது யார்?

ஒரத்துப்பாளையம் அணை உழவனின் வயலுக்கென்று 1992-இல் எழுந்தது. தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு! கிணறுகளும் கெட்டன. உழவர்கள் வழக்காடினர், கழிவு ஆற்றில் கலக்கலாகாது என்று 2006-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாளிகள் அடங்கினார்களா? இல்லை! 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவு பிறந்தது.

கூலி இழந்தவன் யார்? சாயத்தில் கை நனைத்த நம் தோழன்! உழவனால் பிழைப்புப் போயிற்று என்போரைக் கேட்கிறோம்: சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்தவன் உழவனா? சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் தந்தது, சரி. உலை கொதிக்காத வீட்டுக்கு?

இரவில் எந்தக் குழாய் திறக்கிறது என்பதை அதிகாரியைவிடத் தொழிலாளி நன்கறிவான். அதைச் சொல்பவனுக்கு வேலைப் பாதுகாப்பு, மூடிய நாளுக்கு முழுக் கூலி. இவ்விரண்டையும் தொழிற்சங்கமும் உழவர் சங்கமும் ஒரே மேடையேறிக் கேட்க வேண்டும் என்கிறோம் நாம்.