உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க டி.வி.யில் ஓர் இஸ்மாயில் கனி!

உத்தமபாளையம் கடைவீதியில் நின்று "இஸ்மாயில் கனி!" என்று சத்தமாகக் கூப்பிட்டால் இரண்டு மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அமெரிக்க டி.வி.யிலும் அந்தப் பேரில் ஒருவர் இருந்தார். 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' என்ற நகைச்சுவைத் தொடரில் டாம் ஹேவர்ஃபோர்ட் என்றொரு அரசாங்க ஊழியர் வருவார். கதைப்படி அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தர்விஷ் சபீர் இஸ்மாயில் கனி. முஸ்லிம் பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்க அரசியலில் மேலே வர முடியாது என்று கணக்குப் போட்டு, தானாகவே டாம் ஆகிவிட்டவர். "அப்படியானால் பராக் ஒபாமா?" என்று கேட்டதும் முழிப்பார். இப்படி ஒரு ஆள் ஜனாதிபதி ஆவார் என்று முன்னாடியே தெரிந்திருந்தால் பேரை மாற்றியிருக்க மாட்டாராம்.

★

டாமாக நடித்தவரின் முழுப்பெயர் அஜீஸ் இஸ்மாயில் அன்சாரி. பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அத்தா ஷௌகத், இரைப்பை குடல் மருத்துவர். அம்மா ஃபாத்திமா, கணவரின் கிளினிக்கில் கூடமாட உதவி. அஜீஸ் பிறந்தது 1983 பிப்ரவரி 23, தெற்கு கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில். வளர்ந்தது அதே மாநிலத்தில் பென்னட்ஸ்வில் என்ற சிற்றூரில். ஜனத்தொகை பத்தாயிரத்தைத் தொடாத ஊர். அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொள்கிறோம்; இந்த ஊரை விட நம் உத்தமபாளையம் ரொம்பப் பெரிது.

★

அவ்வளவு சின்ன ஊருக்குத் தமிழ் டாக்டர் எப்படிப் போனார் என்று கேட்பவர்களுக்கு: 1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, நாட்டுவாரியாக ஆள் எடுக்கும் பழைய ஒதுக்கீட்டைக் கைவிட்டது. படித்தவர்களுக்கு, முக்கியமாக டாக்டர்களுக்கு, கதவு திறந்தது. பெருநகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு உள்ளூர் டாக்டர்கள் கிடைத்தார்கள். கிராமத்துப் பக்கம் போக ஆள் இல்லை. அந்த இடங்களை நிரப்பியவர்களில் இந்திய டாக்டர்கள் ஏராளம். நம் ஊர் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் வந்த பிறகு படித்து வெளியூர் போன பிள்ளைகளைப் பற்றி இங்கே பேசுகிறோம் அல்லவா, அதே தலைமுறையின் அமெரிக்கப் பக்கம் இது.

★

'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரை நம் ஊர்க்காரர்கள் ரசிக்க இன்னொரு காரணம் உண்டு. கதை நடப்பது ஒரு உள்ளாட்சி ஆபீஸில்! இந்தியானா மாநிலத்தில் பானி என்ற கற்பனை ஊர். அங்கே பூங்காத் துறை. முதல் சீசனின் தலையாய பிரச்சினை, காலி மனையில் வாய் பிளந்து கிடக்கும் ஒரு பெரிய குழி. அதை மூடிப் பூங்கா கட்ட ஒரு பெண் அதிகாரி படும் பாடுதான் கதை. மனு, கூட்டம், 'மேலிடத்தில் கேட்கணும்', எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று சண்டை போடும் பொதுஜனம்... பேரூராட்சி ஆபீஸ் படி ஏறியவர்களுக்கு சப்டைட்டிலே வேண்டாம்.

2009 ஏப்ரல் 9-ல் என்.பி.சி. சேனலில் தொடங்கி 2015 பிப்ரவரி 24-ல் முடிந்தது. ஏழு சீசன், 125 எபிசோடுகள்.

★

அதில் டாம் பார்க்கிற அரசாங்க வேலை பேருக்குத்தான். மனசெல்லாம் பிசினஸ். 'என்டர்டெயின்மென்ட் 720' என்று ஒரு கம்பெனி தொடங்கி, என்ன தொழில் என்று முடிவாவதற்குள் காசைக் கரைத்தார். பிறகு தன் சட்டை கோட்டுகளைப் பள்ளிக்கூடப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். கடைசியில் ஓட்டல் வைத்தார். ஊருக்கு ஒருத்தர் இப்படி இருப்பார்.

★

அதே தொடரில் இன்னொரு நல்ல இடம். கூட வேலை பார்க்கும் அம்மணி, டாம் வெளிநாட்டுக்காரர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். தெற்கு கரோலினாக்காரன் என்கிறார் டாம். 'சரி, அதற்கு முன்னால்?' என்று விடாமல் கேட்டு, கடைசியில் லிபியா வரை போய்விடுகிறார் அந்த அம்மணி. இந்திய முகத்தோடு அமெரிக்காவில் பிறந்த எவரும் இந்தக் கேள்வியை வாழ்க்கை முழுக்கக் கேட்டிருப்பார்கள். அதைச் சண்டையாக்காமல் சிரிப்பாக்கியது கெட்டிக்காரத்தனம்.

★

திராட்சைக்காரர்கள் கவனிக்க: டாம் ஆவதற்கு முன் அஜீஸ் பழ வியாபாரியாக வந்திருக்கிறார். 2007-ல் 'ஃப்ளைட் ஆஃப் தி கான்கார்ட்ஸ்' தொடரில் நியூசிலாந்துக்காரர்களைக் கண்டாலே ஆகாத பழக்கடைக்காரர். காசை நீட்டினாலும் பழம் தரமாட்டார்! காரணம் என்ன தெரியுமா? அவர்களை ஆஸ்திரேலியர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நிறவெறியை அப்படியே திருப்பிப் போட்ட காட்சி. கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை விற்பவர் எவரும் இப்படி வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

★

படிப்பு? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங். படிக்கும்போதே இரவில் கிளப்புகளில் மைக் பிடித்து நகைச்சுவை பேச ஆரம்பித்துவிட்டார். 2007-ல் எம்.டி.வி.யில் நண்பர்களோடு 'ஹ்யூமன் ஜயன்ட்'. 'ஸ்க்ரப்ஸ்' தொடரில் சில எபிசோடுகளுக்குப் பயிற்சி டாக்டர். டாக்டர் வீட்டுப் பிள்ளை கடைசியில் டாக்டரானது அந்த அளவில்தான். 2014-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை ஒற்றை ஆளாக நிரப்பினார்.

★

சின்ன வயதில் அஜீஸ் ரசித்த படங்களில் ஒன்று 'ஷார்ட் சர்க்யூட் 2' (1988). பேசும் ரோபோ படம். அதில் நாயகன் ஓர் இந்திய விஞ்ஞானி. ஹாலிவுட் படத்தில் நம்ம ஆள் ஹீரோ என்று பையனுக்குப் பெருமை. கல்லூரிக்குப் போன பிறகுதான் இணையத்தில் தேடி விஷயத்தைத் தெரிந்துகொண்டார்: நடித்தவர் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர். முகத்தில் பழுப்புச் சாயம்!

வருடங்கள் கழித்து அஜீஸ் அந்த ஸ்டீவன்ஸையே பிடித்துப் பேசி, 2015-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதினார். அதே வருடம் நெட்ஃபிளிக்ஸில் வந்த தன் 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரிலும் இதைத் தொட்டார். அதன் நான்காவது எபிசோடில் இரண்டு இந்திய நடிகர்கள் ஒரு தொடருக்குப் போட்டியிடுகிறார்கள். இருவருமே பொருத்தம்தான். ஆனால் தொடரில் ஒரே ஒரு இந்தியர்தான் இருக்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. இரண்டு வெள்ளைக்காரர்கள் இருந்தால் மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காமெடிதான், ஆனால் சிரித்து முடித்ததும் கொஞ்சம் சுடும்.

★

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த தகவல் இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் அஜீஸின் பாத்திரம் தேவ் ஷா, விளம்பரங்களில் தலைகாட்டும் நடிகன். தேவின் அப்பாவாக நடிக்க ஆள் தேடினார்கள். வந்தவர்கள் யாரும் அஜீஸுக்குச் சரிப்படவில்லை. கடைசியில் சொந்த அத்தாவையே நடிக்க வைத்துவிட்டார். அம்மாவாக அம்மாவே! ஷௌகத் அத்தா கேமராவே பார்க்காதவர்; ஆனாலும் முதல் காட்சியிலிருந்தே தொடரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதையும் யோசிக்காமல் போட்டு உடைக்கும் வெள்ளந்திப் பேச்சு. எழுதிக் கொடுத்த வசனமா, வீட்டில் பேசுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா எதிர்ப்பதம். கேமராவைக் கண்டு கூசுகிறார் என்பது நன்றாகவே தெரியும், அதுவே காட்சிக்கு அழகாகிவிட்டது.

இரண்டாம் எபிசோடின் பெயர் 'பேரன்ட்ஸ்'. ஐபேடைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடு என்று அப்பா கேட்கிறார். படத்துக்கு நேரமாச்சு என்று மகன் நழுவுகிறான். அங்கிருந்து கதை பின்னால் போகிறது. இந்தியாவில் அப்பாவின் சிறுவயது, அமெரிக்க ஆஸ்பத்திரியில் அவர் சந்தித்த அவமானங்கள். இன்னொரு பக்கம், தைவானிலிருந்து வந்த நண்பனின் அப்பாவுக்கும் ஏறக்குறைய அதே கதை. அமெரிக்கா வந்து இறங்கிய முதல் நாள் என்ன செய்தாய் என்று மகன் கேட்க, சோபாவில் உட்கார்ந்து அழுதேன் என்கிறார் அம்மா. அவ்வளவுதான் வசனம். பின்னணி இசையைக் கூட்டி அழ வைக்கும் வேலை எதுவும் இல்லை. நம் ஊர் மெகா சீரியலாக இருந்தால் அந்த ஒரு வரிக்கு ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள்.

இதை அஜீஸோடு சேர்ந்து எழுதியவர் ஆலன் யாங். 'பார்க்ஸ்' தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர், தைவானிய வம்சாவளி. 2016-ல் இந்த எபிசோடுக்கே இருவருக்கும் சிறந்த நகைச்சுவை எழுத்துக்கான எம்மி விருது கிடைத்தது.

இந்தத் தொடரில் நடிப்பதற்காக ஒரு வருடத்து லீவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டாராம் அத்தா. தொடர் வந்ததும் ஸ்டீபன் கோல்பேரின் நிகழ்ச்சியில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அன்றிரவு அத்தா மகனிடம் சொன்னதை அஜீஸே பின்னர் எழுதினார்: நடிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உன்னோடு கொஞ்ச நாள் கூட இருக்கலாமே என்றுதான் வந்தேன். கேட்டதும் மகனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டதாம்.

டாம் பேரை மாற்றித்தான் டி.வி.க்குள் நுழைய முடிந்தது. தேவ், வீட்டையே கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டுக்கும் நடுவில் ஆறு வருடம்.

★

பெண் பார்த்த கதை. சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க்குடன் சேர்ந்து அஜீஸ் எழுதிய 'மாடர்ன் ரொமான்ஸ்' (2015) புத்தகத்தில் அத்தா கல்யாணம் வருகிறது. மூன்று வீடுகளில் பெண் பார்த்தார்களாம். முதல் பெண் கொஞ்சம் உயரம். இரண்டாவது கொஞ்சம் குட்டை. மூன்றாவது ஃபாத்திமா, அரை மணி நேரம் பேசினார்கள், சரி என்று தோன்றியது, ஒரு வாரத்தில் கல்யாணம். மகனோ, ராத்திரி சாப்பாட்டுக்கு எந்த ஓட்டலுக்குப் போவது என்று முடிவு செய்யவே செல்போனில் அதைவிட அதிக நேரம் தேடுகிறேன் என்று புலம்புகிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் படித்தால் வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார்கள்.

★

2017-ல் வந்த இரண்டாம் சீசனில் 'ரிலிஜன்' என்று ஒரு எபிசோடு. தேவ் நோன்பு, தொழுகை பக்கம் போகாதவன். விலக்கப்பட்ட இறைச்சியைக்கூடத் தின்பவன். உறவினர் முன்னால் அந்த ரகசியத்தை எப்படி மறைப்பது என்பதுதான் சிக்கல். உத்தமபாளையத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம், அது நியாயமும்கூட. ஆனால் பெற்றோரைக் கேலிப் பொருளாக்கவில்லை, மார்க்கத்தையும் கிண்டலடிக்கவில்லை. அம்மாவின் மனவருத்தத்துக்குத்தான் கதை கடைசியில் பதில் தேடுகிறது. கூடவே வரும் ஒன்றுவிட்ட சகோதரனாக நடித்தவர் அஜீஸின் நிஜ உறவுக்காரர், பெயர் ஹாரிஸ் கனி. டாமுக்கு அந்தக் 'கனி' எங்கிருந்து வந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

★

2018 ஜனவரி 7: கோல்டன் குளோப். டி.வி. நடிப்புக்காக அந்த விருதை வாங்கிய முதல் ஆசிய அமெரிக்க நடிகர் அஜீஸ்.

அதே மாதம், தன்னுடன் ஓர் இரவுச் சந்திப்பில் அவர் அத்துமீறி நடந்துகொண்டதாகப் பெயர் வெளியிடாத ஒரு பெண்ணின் வாக்குமூலம் இணையத்தில் வந்தது. இருவர் சம்மதத்துடன் நடந்ததாகவே நினைத்தேன், அவர் மனம் புண்பட்டதாகத் தெரிவித்ததும் மன்னிப்புக் கேட்டேன் என்றார் அஜீஸ். குற்றமா, நாகரிகக் குறைவா என்று அமெரிக்கப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டன. பெரும்பாலும் ஒதுங்கியே இருந்துவிட்டு, 2019-ல் 'ரைட் நவ்' மேடை நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசினார். காதலில் ஆணும் பெண்ணும் எப்படி நடந்துகொள்வது என்று புத்தகமே போட்டவர் என்பதால் அடி பலமாகவே விழுந்தது.

★

2016 ஜூனில் ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, இப்போதைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவேண்டாம், வீட்டிலேயே தொழுங்கள் என்று அம்மாவிடம் சொன்னதாக நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அடுத்த ஜனவரியில், டிரம்ப் பதவியேற்ற மறுநாள், 'சாட்டர்டே நைட் லைவ்' மேடையில் தொகுப்பாளராக நின்றார். தெற்காசிய வம்சாவளியில் ஒருவர் அந்த நிகழ்ச்சியைத் தொகுத்தது அதுவே முதல் முறை.

★

அமெரிக்க சிட்காமில் தமிழ் ரத்தம் அஜீஸ் மட்டுமா? 'தி ஆபீஸ்' தொடரில் 2005 முதல் எழுதியும் நடித்தும் பேர் வாங்கிய மிண்டி கேலிங், சொக்கலிங்கம் வீட்டுப் பெண். மேடையில் அறிவிப்பாளர்கள் பெயரைக் கடித்துத் துப்பியதால் சொக்கலிங்கத்தில் பாதியை வெட்டி 'கேலிங்' ஆக்கிக்கொண்டார். அவர் உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020–2023) தொடரின் நாயகி தேவி விஸ்வகுமார், கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். அந்த வேடத்துக்கு விண்ணப்பித்த 15,000 பேரில் தேர்வானவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். 'விஸ்வகுமார்' என்ற பெயரை அந்தத் தொடரில் யாரும் வெட்டவில்லை.

★

'மாஸ்டர் ஆஃப் நன்' மூன்றாம் சீசன் (2021) ஐந்தே எபிசோடு. அஜீஸ் பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார். கதை முழுக்க லீனா வெய்த், நவோமி ஆக்கி என்ற இரு நடிகைகளுடையது. அந்த லீனாவும் அஜீஸும் சேர்ந்து எழுதிய 'தேங்ஸ்கிவிங்' எபிசோடுதான் 2017-ல் எம்மி வாங்கியது. நகைச்சுவை எழுத்துக்கு அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் லீனா.

★

2025 அக்டோபரில் அஜீஸ் இயக்கிய முதல் முழுநீளப் படம் 'குட் ஃபார்ச்சூன்' திரைக்கு வந்தது. கிடைத்த கூலி வேலையைச் செய்து காரிலேயே படுத்துத் தூங்கும் ஓர் ஆளுக்கு உதவ, ஒரு தேவதை வருகிறது. தேவதையாகக் கீனு ரீவ்ஸ்! கூலிக்காரராக அஜீஸ். பாத்திரத்தின் பெயர் அர்ஜ். படப்பிடிப்பின்போது ரீவ்ஸுக்கு முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. அதோடும் நடித்து முடித்துக் கொடுத்தார்.