கொழும்பில் இந்தியத் தூதர்: ஜே.என்.தீட்சித்தும் 1987 ஒப்பந்தமும்

ஜே.என்.தீட்சித் 1985 முதல் 1989 வரை இலங்கையில் இந்தியாவின் தூதராக இருந்தார். காமன்வெல்த் நாடுகளுக்கிடையே இப்பதவிக்கு உயர் ஆணையர் என்று பெயர். இலங்கைத் தமிழில் உயர்ஸ்தானிகர். தாம் பணிபுரியும் நாட்டின் உள்விவகாரத்தில் தூதர் தலையிடலாகாது என்கிறது 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. உள்நாட்டுப் போர் மூண்ட நாட்டில் அந்தக் கோட்டைக் காப்பது கடினம். தீட்சித் காலத்தில் அது அழிந்தே போனது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் இந்தியா ஒருபக்கம் சமரசம் பேசியது. மறுபக்கம் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. அதனால் இந்தியத் தூதர் நடுநிலையாளர் என்று கொழும்பில் எவரும் நம்பவில்லை. 1985இல் இலங்கை அரசுக்கும் தமிழ்த் தரப்புக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்தது. 1987 மே மாதம் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடமராட்சிக்குள் புகுந்தது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜனாதிபதி ஜெயவர்த்தனே பேச்சுக்கு இறங்கிவந்தது அதன் பிறகுதான்.

இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வாசகங்களை ஜெயவர்த்தனேயிடம் பேசி முடித்தவர் தீட்சித். அவருடைய தூதரகத்தின் முதல் செயலாளர் ஹர்தீப் சிங் புரி யாழ்ப்பாணம் சென்று விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்தார். பிரபாகரன் டெல்லிக்கு அழைத்துவரப்பட்டு அசோகா ஓட்டலில் தங்கவைக்கப்பட்டார். ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கையெழுத்திட்டார்கள். 48 மணி நேரத்தில் போர்நிறுத்தம், அடுத்த 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு என்று அதில் எழுதியிருந்தது. ஆயுதம் ஏந்தியிருந்த புலிகளின் கையெழுத்து அதில் இல்லை. அவர்களை இணங்கவைக்கும் பொறுப்பு இந்தியாவின் தலையில் விழுந்தது. சமரசம் பேச வந்த நாடே ஒப்பந்தத்தின் காவல்காரனாகவும் ஆனது. அடிப்படைப் பிழை இதுதான்.

அந்தப் பிழையின் விலை இரண்டே மாதத்தில் தெரிந்தது. செப்டம்பர் 15 அன்று புலிகள் இயக்கத்தின் திலீபன் இந்தியாவை எதிர்த்து யாழ்ப்பாணத்து நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அந்த நாள்களிலேயே தீட்சித் யாழ்ப்பாணம் வந்து பிரபாகரனிடம் பேசினார். நல்லூர் மேடைக்குப் போகவில்லை. 26ஆம் தேதி திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிகள் 17 பேரைக் கடலில் பிடித்த இலங்கைப் படை, அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக முனைந்தது. வேண்டாம் என்று தீட்சித் ஜெயவர்த்தனேயிடம் எவ்வளவோ வாதாடினார், பலிக்கவில்லை. அக்டோபர் 5 அன்று பலாலியில் அவர்கள் சயனைடு அருந்தினார்கள், பெரும்பாலோர் மாண்டார்கள். 10ஆம் தேதி, ஒப்பந்தத்தை நிறைவேற்ற வந்திருந்த இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. சுமார் 1,200 இந்திய வீரர்களையும் எத்தனையோ ஈழத்தமிழ்க் குடிமக்களையும் பலிகொண்ட பின், 1990 மார்ச்சில் படை திரும்பியது. தீட்சித்தை வைஸ்ராய் என்று சாடியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். பிற்காலத்தில் தமது கொழும்பு அனுபவத்தை அவரே நூலாக எழுதினார்.

பின்னாளில் சமரசம் பேச வந்த நார்வேயின் சிறப்புத் தூதர் எரிக் சொல்ஹைம் வேறு வழியில் போனார். 2002 பிப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டில் இலங்கைப் பிரதமர் ரணில் விக்ரமசிங்கே, பிரபாகரன் இருவருமே கையெழுத்திட்டார்கள். கண்காணிக்க வந்த நார்டிக் நாட்டவர் ஆயுதமின்றி வந்தார்கள். ஆனால் மீறுபவரைத் தடுக்கும் பலம் அவர்களுக்கு இல்லை. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அதிலிருந்து விலகியது.

தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்புவதும் 1987 ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. ஒரு பகுதியினர் கப்பலேறினார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் படகுகள் மறுபடி ராமேஸ்வரம் வந்தன. கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலத்தில் இருப்பது போன்ற முகாம்கள் அதனால் நிலைத்துவிட்டன. 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். முகாம்களில் பிறந்தவர்களின் குடியுரிமையும் 1987ஐ ஒட்டியே அமைகிறது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானதோ, அந்தத் தேதிக்குச் சரியாக நான்கு வாரம் கழித்து.