மலையேற்றத்துக்கு ஒரு சின்ன வீடியோ கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

கேமரா விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது 4கே, 5.3கே என்கிற எண்தான். மலையேறுகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்ணும் அதுதான் என்பது என் கட்சி. இப்ப கடைக்கு வர்ற சின்னக் கேமரா பெரும்பாலும் 4கே எடுத்துடும். அது கைவிடுகிற இடங்கள் வேற: வெளிச்சம் போன நேரம், ரெண்டு கையும் வேலையா இருக்கிற ஏற்றம், அப்புறம் ஈரம்.

பொதுவா பேசினா பிடிபடாது. வெள்ளியங்கிரியையே எடுத்துக்குவோம். பூண்டியில் கிளம்புகிற பலர் ராத்திரியோட ராத்திரியா ஏழு மலையும் ஏறி, மேலே சூரிய உதயம் பார்க்கணும்னு கணக்குப் போடுவாங்க. முதல் மலை முழுக்கக் கல் படிக்கட்டு. கையில் மூங்கில் கம்பு. வழுக்குப்பாறை பக்கம் இன்னொரு கையும் தேவைப்படும். டார்ச் வேற. இதுக்கு நடுவில் கேமராவை எங்கே பிடிக்கிறது?

"ஃபோன் இருக்கே, தனியா எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு பதில். படத்தின் தரத்துக்காக நான் தனிக் கேமரா சொல்லலை; நல்ல ஃபோன்கள் படத்தில் பல சின்னக் கேமராக்களை மிஞ்சும். ஆனா காலு பிசகினால் ஆளைக் கூப்பிட, டார்ச் அணைஞ்சா வழி பார்க்க, அந்த ஃபோன்தான் மிச்சம். அதன் சார்ஜை வீடியோவில் கரைக்கக் கூடாது. சிக்னல் கிடைக்காத காட்டில் ஃபோன் டவரைத் தேடித் தேடியே பாதி பேட்டரியைத் தின்னுடும்.

இப்ப வெளிச்சத்துக்கு வர்றேன். இதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டா பாதித் தேர்வு முடிஞ்ச மாதிரி.

சின்னக் கேமராக்களில் ஆட்டத்தை அடக்க ரெண்டு வழி உண்டு. கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்கள் செய்வது மின்னணு வழி. தேவைக்கு அதிகமான பரப்பைப் பதிவு பண்ணி, உள்ளே இருக்கிற ஜைரோ "கேமரா இடப்பக்கம் சாய்ஞ்சுது" என்று சொன்னதும், அந்தச் சட்டகத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி, ஓரங்களை வெட்டிடும். மத்தியான வெயிலில் இது மாயாஜாலம் மாதிரி வேலை செய்யும். காரணம், அப்போ ஒவ்வொரு சட்டகமும் 1/1000 நொடி அளவில் பதிவாகுது. அந்தக் கண்ணிமைப்பில் ஆட்டம் ஏதும் உள்ளே நுழையாது.

விடியற்காலை 5:30க்கு அதே கேமரா 1/30 நொடி வரை திறந்திருக்கும். அந்த 1/30 நொடிக்குள் நீங்க ஒரு படியில் காலை ஊன்றினால், அந்த அதிர்வு சட்டகத்துக்குள்ளேயே கலங்கலாகப் பதிஞ்சுடும். மென்பொருள் சட்டகத்தை நகர்த்தலாம், கலங்கலைத் துடைக்க முடியாது. பலன்: காட்சி ஒரே இடத்தில் நிற்கும், ஆனா ஒவ்வொரு அடிக்கும் துடிச்சுத் துடிச்சு மங்கும். வாங்கினவங்க "பீஸ் ஓட்டை" என்று திட்டுவாங்க. பீஸ் மேல தப்பில்லீங்க, வெளிச்சம் பத்தலை.

ரெண்டாவது வழி கிம்பல். டிஜேஐ ஓஸ்மோ பாக்கெட் 3 இந்த வகை. மோட்டார்கள் லென்ஸையே பிடிச்சு நேரா நிறுத்துறதால, 1/30 நொடியிலும் சாய்வு, திருப்பம் எல்லாம் பெருமளவு அடங்கும். நடக்கும்போது வர்ற மேல்-கீழ் குலுங்கலை மட்டும் அது முழுசா தடுக்காது. அதை முழங்காலை மடக்கி நாமதான் தாங்கணும். படி ஏறும்போது அது ஆகிற காரியமில்லை.

இன்னொரு அனுகூலம், அதில் இருப்பது "1 அங்குல" சென்சார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நிஜ அளவு 13.2 × 8.8 மில்லிமீட்டர்தான். இருந்தாலும் பழைய சின்னக் கேமராக்களின் 1/2.3 அங்குல வகையோடு (சுமார் 6.2 × 4.6 மி.மீ.) ஒப்பிட்டால் பரப்பு நாலு மடங்கு. இருட்டில் இந்த நாலு மடங்கு கண்ணுக்கே தெரியும்.

அப்ப பாக்கெட் 3தானே முடிவு? அவசரப்படாதீங்க. அது தண்ணீர் புகாத கேமரா இல்லை. பேட்டரியும் உள்ளே பொதிஞ்சது, கழட்டி மாத்த முடியாது. எல்லாத்தையும் விட, அது கையில் பிடிக்கிற கேமரா. கம்பும் டார்ச்சும் பிடிச்சிருக்கிற ஆளுக்கு மூணாவது கை வேணும். சறுக்குற இடத்தில் கேமராவைக் காப்பாத்தப் போய் ஆளு விழறது இப்படித்தான் நடக்கும். பகலில், வறண்ட நாளில், கம்பில்லாமல் நடக்கிற கொடைக்கானல் பாதைகளுக்கு அது அருமை.

ராத்திரி ஏற்றத்துக்கு என் தேர்வு, பெரிய சென்சார் உள்ள ஆக்‌ஷன் கேமரா. ஓஸ்மோ ஆக்‌ஷன் 4 உதாரணம்: 1/1.3 அங்குல வகை சென்சார், உறையில்லாமலே 18 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், பேட்டரி மாத்தலாம். கோப்ரோ ஹீரோ 12 பிளாக் 10 மீட்டர் தாங்கும், அதன் சென்சார் கொஞ்சம் சின்னது. எதுவானாலும் பையின் தோள்பட்டையில் மாட்டிட்டு ரெண்டு கையையும் மலைக்குக் கொடுத்துடுங்க. இருட்டில் நடந்துக்கிட்டே எடுக்காம, நின்னு, கம்பைச் சாய்ச்சு வெச்சு அதில் கேமராவை அண்டக் கொடுத்து எடுங்க.

வரையாடு, பறவை என்று தூரத்தில் இருப்பதை எடுக்கிறவர்களுக்கு இது எதுவும் உதவாது. அவங்களுக்கு ஜூம் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 VII மாதிரி காம்பாக்ட்தான் சரி. டிரோன் ஆசை இருந்தா விட்டுடுங்க, வனத்துறை அனுமதியில்லாம காட்டில் பறக்க விடக் கூடாது.

பேட்டரிக் கணக்கை வாங்கும் முன்பே போடலாம். ஹீரோ 12 பேட்டரி 1720 எம்.ஏ.எச்., கிட்டத்தட்ட 6.6 வாட்-மணி. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் 37 வாட்-மணி இருக்கும். இழப்பு போக மூணு, நாலு தடவை சார்ஜ் ஏறும். 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை ஏறி, சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே கேமரா அணைஞ்சுடும். மாற்று பேட்டரியைச் சட்டை உள்பாக்கெட்டில் வையுங்க. கார்டு விஷயமும் இதே மாதிரி கூட்டல் பெருக்கல்தான்: நொடிக்கு 100 மெகாபிட் பதிவு என்றால் மணிக்கு 45 ஜிபி, அதாவது 64 ஜிபி கார்டில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. வி30 என்று போட்ட கார்டாப் பார்த்து எடுங்க.

ஈரத்தில் பலருக்கும் தெரியாத ஒண்ணு உண்டு. தண்ணீர் புகாத கேமராவுக்குள் காற்று இருக்கு, அந்தக் காற்றில் ஈரம் இருக்கு. மூடுபனிக்குள் பேட்டரிக் கதவைத் திறந்து மூடினால் ஈரக் காற்றை உள்ளே பூட்டி வெச்ச மாதிரி. பதிவு பண்ணும்போது கேமரா சூடாகும், முன் கண்ணாடி மட்டும் குளிர்ந்திருக்கும், அதன் உள்பக்கம் பனி படியும். துணியால் துடைக்க வழியில்லை. மூடுபனி தொடங்கும் முன்பே புது பேட்டரியைப் போட்டுடுங்க.

உச்சியில் காற்று அடிச்சா மைக்கில் வெறும் இரைச்சல்தான் விழும். மைக் ஓட்டை மேல ஒரு துண்டு பஞ்சு நுரை ஒட்டினாலே பாதி குறையும்.

கடையில் வெள்ளை விளக்குக்கு அடியில் எல்லாக் கேமராவும் நல்லாத்தான் தெரியும். திருப்பித் தரும் அவகாசம் முடியறதுக்குள்ள ஒரு நாள் சாயந்தரம் 6:30க்கு, வீட்டு மாடிப்படியில் விளக்கைப் போடாம, கேமராவைப் பைப்பட்டையில் மாட்டிக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்குங்க. அந்த வீடியோவை ஃபோனில் பார்க்காம டிவியில் போட்டுப் பாருங்க.